உடன்பாடும் தன்னாட்சியும்: மருத்துவ அறநெறி நான்கினைப் பற்றிய ஒரு திறனாய்வு

கிறிஸ்தவ அறவியல் பயிலும் நம் மாணவரிடம் மருத்துவ அறநெறியைப் பற்றி வினவினால், நான்கு கோட்பாடுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுவர். நோயாளியின் தன்னாட்சியை மதித்தல், தீங்கு இழையாமை, நன்மை செய்தல், நீதி என்பனவே அவை. டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 1979-ல் வெளியிட்ட நூலில் இவை இந்த வடிவம் பெற்றன. அந்நூலின் எட்டாம் பதிப்பு 2019-ல் வந்தது. ஆசிரியர் இருவருமே யேல் பல்கலைக்கழகத்தின் இறையியற் பள்ளியில் பயின்றவர்கள் என்பதை நம்மவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நூலுக்குள் இறையியல் வெளிப்படையாகத் தலைகாட்டாமையே அதற்குக் காரணமாகலாம்.

இந்நான்கும் பயனற்றவை என்று கூறுவது என் நோக்கமன்று. நடுநிசியில் ஒரு வீட்டார் ஆயரை எழுப்பி, செயற்கைச் சுவாசக் கருவியை எடுத்துவிடலாமா என்று கேட்கும்போது, எந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டுமென்று தெரிந்திருத்தல் நலமே. ஆனால் முதற்கோட்பாட்டை நாம் 'தன்னாட்சி' என மொழிபெயர்த்துக்கொண்டதும், அச்சொல்லை ஆராயாது மறைமேடைக்கும் நோயாளியின் படுக்கையருகுக்கும் எடுத்துச் சென்றதும் நம் ஆயர் பணிக்கு ஊறு விளைத்துள்ளன என்பதே என் கருத்து. தன்னாட்சி என்ற சொல் நம் செவிக்கு ஒரு நாட்டின் விடுதலையையோ ஒரு கல்லூரியின் உரிமையையோ நினைவூட்டுகிறது. அது தனித்து நிற்பவனின் சொல். நோயுற்றவனோ தனித்து நிற்க இயலாதவன். ஆகவே நம் ஆயர்கள் அக்கோட்பாட்டைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு, 'இது மேல்நாட்டார்க்கு உரியது. நம் குடும்பங்களுக்குப் பொருந்தாது' என்று ஊழியக்களத்தில் ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்கும்போது வெளியே தள்ளப்படுவது ஒரு மேல்நாட்டுக் கோட்பாடு மட்டுமன்று. படுக்கையில் கிடப்பவரும் சேர்ந்தே தள்ளப்படுகிறார்.

இக்கோட்பாடு எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் நோக்குவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னுமிடத்தில், மேகநோய் கண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களை அரசுப் பொதுச் சுகாதாரத்துறையினர் 1932 முதல் 1972 வரை சிகிச்சையளிக்காமலே நோக்கிவந்தனர். பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அம்மருந்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. தங்களுக்கு என்ன நோய் என்பதே அவர்களுக்கு உரியவாறு சொல்லப்படவில்லை. ஏழைகளான அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. இச்செய்தி வெளிப்பட்டதால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக அமைந்த ஆணையத்தின் பெல்மாண்ட் அறிக்கையும் 1979-ல்தான் வெளிவந்தது. எனவே நோயாளியின் இசைவைக் கேட்கவேண்டும் என்னும் நெறி, செல்வம் மிகுந்த தனிமனிதன் தன் விருப்பப்படி வாழ்வதற்காகக் கண்டுபிடித்த வசதி என்று எண்ணுதல் பிழை. கேட்கப்படாத ஏழைகளின் பொருட்டு எழுந்த நெறி அது.

இவற்றுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1970-ல், மெதடிஸ்டு இறையியலாளராகிய பால் ராம்சே நோயாளியை ஓர் ஆளாகக் கருதுதல் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இசைவை உரிமை என்பதினின்று தொடங்கவில்லை. உடன்படிக்கை என்னும் திருமறைக் கருத்தினின்று தொடங்கினார். மருத்துவனும் நோயாளியும் ஒருவர்க்கொருவர் உண்மையாயிருக்கக் கடமைப்பட்டவர்கள். அவ்வுண்மையின் வெளிப்பாடே இசைவு கேட்டல் என்பது அவர் கருத்து. தமிழராகிய நாம் இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். இஸ்ரவேலோடு கடவுள் செய்ததற்கு நம் திருமறை மொழிபெயர்ப்பாளர் ஆண்ட சொல் உடன்படிக்கை. அதன் வேர் உடன்படுதல். மருத்துவமனைப் படிவத்தின் பொருளும் அதே உடன்பாடுதான். ஆங்கிலத்தில் வேர் வேறாகிய இரு சொற்கள் தமிழில் ஒரே வேரில் நிற்கின்றன. இத்துணை அருமையான சொல் கையிலிருக்க நாம் தன்னாட்சியைத் தேடிச் சென்றோம். உடன்படுவதற்கு இருவர் வேண்டும், இருவரும் பேசவேண்டும்.

பட்டுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி இது. கல்லணைக் கால்வாயின் நீர் பிற ஊர்களையெல்லாம் நனைத்தபின் இறுதியாக வந்துசேரும் நிலம். ஊரில் மருத்துவமனைகள் இல்லாமலில்லை. ஆயினும் பெரிய நோய் என்றால் ஒரத்தநாடு வழியாகத் தஞ்சைக்குச் செல்லவேண்டும். இவ்வட்டாரத்தில் பணிபுரியும் எந்த ஆயரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அறுபத்தைந்து வயதுப் பெரியவருக்கு வயிற்றில் கட்டி. பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிகிறது. மருத்துவர் மகனைத் தனியே அழைத்துச் சொல்கிறார். மகன் சித்தப்பாவிடமும் தாய்மாமனிடமும் கலந்துகொள்கிறான். 'ஐயா, அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். வயிற்றுப்புண் என்று சொல்லியிருக்கிறோம்' என்று ஆயரின் கைகளைப் பற்றிக்கொள்கிறான். ஒப்புதல் படிவத்தில் மகன் கையொப்பமிடுகிறான். அல்லது பெரியவரே, எதற்கென்று அறியாமல், பெருவிரல் ரேகை பதிக்கிறார். ஆயர் வயிற்றுப்புண் குணமாகும்படி உரத்த குரலில் செபிக்கிறார். அச்செபத்தில் ஒரு பொய் கலந்திருக்கிறது என்பது ஆயருக்கும் தெரியும், கடவுளுக்கும் தெரியும். பல நேரங்களில் படுத்திருக்கும் பெரியவருக்கும் தெரியும்.

இதனை அன்பின் குறைபாடு என்று கூறுவோமாயின் அது அநீதி. அந்த மகன் தந்தையிடம் வைத்த அன்பு ஐயத்திற்கு இடமற்றது. நோய் செய்யும் கொடுமையோடு அறிவு செய்யும் கொடுமையும் சேரவேண்டாம் என்றே அவன் எண்ணுகிறான். நான்கு கோட்பாடுகளின் மொழியில் கூறினால், நன்மை செய்தலும் தீங்கு இழையாமையும் அங்கே நிறைந்திருக்கின்றன. கேட்டல் ஒன்றுதான் இல்லை. இக்குறை இன்று தோன்றியதன்று. இம்மண்ணின் பெருமைக்குரிய மரபிலேயே அது உள்ளது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரை நம் திருச்சபை மறக்கவியலாது. ஸ்வார்ட்ஸ் ஐயரின் காப்பில் வளர்ந்தவர். ஐயரின் மறைவுக்குப் பின் அவருக்குப் பளிங்கில் நினைவுச் சின்னம் அமைத்தவர். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகியவற்றில் வல்லோர் ஒருங்கே பணியாற்றினர். கண்நோயாளரைப் பற்றிய குறிப்பேடுகள், அவர்தம் கண்களின் வண்ண ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. 1801-ல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் நோயுறும் வழிப்போக்கர் நலம் பெறும்வரை மருந்தும் உணவும் பெறுவதையும், கருவுற்ற மகளிர் பேணப்படுவதையும் மன்னர் பெருமிதத்தோடு விவரிக்கிறார். பட்டுக்கோட்டைக்கும் தஞ்சைக்கும் இடையே ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் அவ்வறத்தின் சின்னமே. எந்த நாட்டிலும் போற்றத்தக்க அறம் இது. ஆயினும் இங்கே நோயாளி அறம் பெறுபவர், கை ஏந்துபவர். அரசன் தருவான், அவர் பெறுவார். அவருடைய கண் ஓவியமாக வரையப்பட்டது. அவருடைய எண்ணத்தை வரையவேண்டிய தேவை எவருக்கும் தோன்றவில்லை. அக்காலத்து ஐரோப்பாவிலும் நிலை வேறன்று என்பதையும் நேர்மைக்காகச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மிஷனரி மருத்துவமும் இந்த இருக்கையிலேதான் அமர்ந்தது. இதற்குச் சான்றாக, நாம் நூறு முறை பிரசங்கித்த கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், இளம்பெண்ணாகிய ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூவர் வருகின்றனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் துடிக்கின்றனர். தந்தையார் மருத்துவர், ஆனால் ஆண். அவரை அனுப்ப ஐடா முன்வருகிறார். மூவருமே, தம் மனைவியை வேற்று ஆடவன் காண்பதைவிட அவள் இறப்பது மேல் என்று கருதித் திரும்பிச் செல்கின்றனர். விடியும்போது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அவ்விரவு ஐடாவின் அழைப்பாயிற்று. 1900-ல் அவர் மருத்துவராகத் திரும்பினார். வேலூரில் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. அம்மையாரின் தொண்டை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. நான் திறனாய்வது அக்கதையை நாம் சொல்லும் முறையை.

நம் பிரசங்கங்களில் அக்கதைக்கு இரு திருப்பங்களே உண்டு: கணவன்மாரின் மூடப்பழக்கம், ஐடாவின் அர்ப்பணிப்பு. மூன்று கணவன்மாரும் பேசுகின்றனர். ஐடா பேசுகிறார். தந்தையார்கூட ஓரிரு சொல் பேசுகிறார். சாகிற மூன்று பெண்கள் மட்டும் கதை முழுதும் வாய்திறப்பதில்லை. 'அம்மா, ஆண் மருத்துவர் வரலாமா?' என்று அவர்களிடம் எவரேனும் கேட்டனரா? கேட்டிருந்தால் அவர்களுள் ஒருத்தியேனும் தலையசைத்திருக்கக்கூடுமா? நமக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமன்று, இக்கேள்வி நமக்குத் தோன்றியதே இல்லை. ஐடா அம்மையாரின் தீர்வு, பெண் மருத்துவர்களை உருவாக்குவது, அது மகத்தானது. ஆயினும் பெண் மருத்துவர் வந்தபின்னும் முடிவைக் கணவனோ மாமியாரோ சொல்வது மாறவில்லை. கருப்பையை அகற்றும் சிகிச்சைக்குக் கணவனின் கையொப்பத்தை முதலில் தேடும் வழக்கத்தை நம் பெண்களிடம் கேட்டறியலாம்.

இவ்விடத்தில் சட்டம் திருச்சபையைவிட முன்சென்றுவிட்டது. 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், நாற்பத்து நான்கு வயதுடைய மணமாகாத பெண் ஒருவர் மயக்க மருந்துடன் சோதனைக்காகப் படுத்திருந்தார். மருத்துவர் வெளியே இருந்த தாயாரிடம் இசைவு பெற்று அப்பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார். தாயின் இசைவு மகளின் இசைவாகாது என்று நீதிமன்றம் உரைத்தது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்பதையும் தாய் மகளின் நன்மையையே நாடினார் என்பதையும் எவரும் மறுக்கத் தேவையில்லை. நல்லெண்ணம் இசைவின் இடத்தை நிரப்பாது என்பதே தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பில், அமெரிக்க முறையில் எல்லா அபாயங்களையும் பட்டியலிட்டு விளக்கவேண்டும் என்னும் அளவுகோலை நம் நாட்டின் நிலைமைக்கு நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதும் நோக்கற்பாலது.

நம் பழந்தமிழ் மரபில் இதற்கு இடமில்லையா என்று கேட்போர் உண்டு. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன். வடமொழிச் சரக சம்கிதையிலும் இதே நான்கு வருகின்றன. ஆனால் அங்கே மருத்துவன் முதலில் நிற்க, நோயாளி இறுதியில் வைக்கப்படுகிறான். வள்ளுவரோ நோயுற்றவனை முதலில் வைக்கிறார். இது யாப்பின் தேவையாகவும் இருக்கலாம். இதை வைத்து மாளிகை எழுப்ப நான் விரும்பவில்லை. ஆயினும் மேல்நாட்டார் நான்கில் இல்லாத ஒருவர் இந்நான்கில் இருக்கிறார்: உழைச்செல்வான், அதாவது நோயாளியின் பக்கத்தில் இருப்பவர். மருத்துவமனையின் நடைபாதையில் பாய் விரித்துப் படுக்கும் மனைவியும், தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவரும் மருமகளும் அறநெறியின் எல்லைக்குள் வருகின்றனர். பீச்சமும் சில்ட்ரஸும் குடும்பத்தைப் பற்றிப் பேசாமலில்லை. ஆனால் அவர்களது சட்டகத்தில் குடும்பம் தூணன்று.

பரிமேலழகர் இக்குறளுக்கு உரை எழுதுகையில் நான்கிற்கும் நந்நான்கு இலக்கணம் கூறுகிறார். நோயாளியின் நான்கு இலக்கணங்களுள் மருத்துவன்வழி நிற்றலும், தன் நோயின் நிலையை உணர்த்தும் வன்மையும், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலும் உள்ளன. உணர்த்தும் வன்மை என்பதை நம் அறவியல் ஆசிரியர்கள் கண்டுகொள்ளவேண்டும். அங்கே நோயாளிக்கு நாவு உண்டு. ஆனால் இம்மூன்றுக்கும் முன்னதாக உரையாசிரியர் வைப்பது பொருளுடைமையை! கையில் காசு இல்லாதவன் நல்ல நோயாளியாகவும் முடியாது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது, பின்பு வருவதில்லை.

ஏனெனில் பட்டுக்கோட்டையில் நீதி என்னும் நான்காம் கோட்பாடே முதற்கோட்பாட்டின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தென்னை மீண்டும் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். தோப்பை நம்பிக் கடன் வாங்கியவர் அக்காலத்தில் நோயுற்றால் என்ன செய்வார்? மருத்துவர் கேட்கிறார், பெரியவர் சொல்கிறார்: 'எனக்கு எந்த ஆப்பரேஷனும் வேண்டாம், என்னை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.' தேர்வுத்தாளில் இதனைத் தன்னாட்சி என்று எழுதி முழு மதிப்பெண் பெறலாம். ஆனால் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லுக்குள் பேத்தியின் திருமணம் இருக்கிறது, அடகு வைத்த ஒரு மா நிலம் இருக்கிறது, மகன் தன்னால் கெடக்கூடாது என்ற தகப்பனின் மானம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் பல சிகிச்சைகளின் செலவை ஏற்கிறது, பெரும் உதவி. எனினும் உடனிருப்பவரின் சோறும், பேருந்துக் கட்டணமும், இழந்த கூலியும் எந்த அட்டையிலும் அடங்குவதில்லை. வறுமை சொல்லும் 'வேண்டாம்' என்பதை நோயாளியின் முடிவென்று மதித்து விலகுதல் மரியாதையாகுமா? அவரை மறுத்துக் கட்டாயமாகச் சிகிச்சை செய்தலும் ஆகாது. அமர்ந்து பேசி, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டறிவதே உடன்பாடு. காசினால் வந்த மறுப்பாயின் சபை தன் பையைத் திறக்கட்டும். வாழ்ந்தது போதும் என்ற நிறைவினால் வந்த மறுப்பாயின், அதனைக் காக்கவேண்டியவரும் ஆயரே. அப்போது அவர் மகனிடம் பேசவேண்டும்.

திருமறைக்கு வருவோம். எரிகோவின் வழியோரத்தில் குருடனாகிய பர்திமேயு கூவுகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் எவர்க்கும் தெரியும். ஆயினும் ஆண்டவர், தாம் அவனுக்கு என்ன செய்யவேண்டுமென விரும்புகிறான் என்று அவனையே கேட்கிறார் (மாற்கு 10:51). பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவனிடமும், சொஸ்தமாக விருப்பமுண்டா என்பதே முதற்கேள்வி (யோவான் 5:6). ஆனால் கட்டிலோடு கூரைவழி இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை (மாற்கு 2:3-5) ஆண்டவர் அவ்வாறு கேட்கவில்லை. அவனைச் சுமந்துவந்த நால்வரின் விசுவாசத்தைக் கண்டார் என்கிறது சுவிசேஷம். அந்தப் பகுதியில் நோயாளி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எனவே சுவிசேஷத்திலிருந்து ஒரே விதியைப் பிழிந்தெடுக்க முனைவோர் ஏமாறுவர். சுமப்பவருக்கும் இடமுண்டு, பேச இயலாதவர் பொருட்டு அவர்கள் கூரையையும் பிரிக்கலாம். பேச இயன்றவனைச் சுமப்பவர்களே பேச விடாது செய்வதற்கு மட்டும் அங்கே ஆதாரமில்லை. அவ்வாறு பர்திமேயுவை அதட்டிய கூட்டத்தாரின் பெயர் சுவிசேஷத்தில் இல்லை.

உண்மையைச் சொன்னால் நோயாளி உடைந்துபோவார், ஒரு வாரத்தில் முடிந்துபோவார் என்பதே வீட்டார் கூறும் தடை. இதனை அலட்சியம் செய்தலாகாது, உடைந்துபோவோர் உண்டு. 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் ஏசாயா, எசேக்கியா மன்னனிடம் நேரே சென்று, வீட்டுக்காரியங்களை ஒழுங்குபடுத்தும்படியும் அவன் பிழைப்பதில்லையென்றும் சொல்கிறான். அரண்மனையாரைத் தனியே அழைத்துச் சொல்லவில்லை. மன்னன் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறான். நம் பிரசங்கிமார் இங்கிருந்து கூட்டிக்கொடுக்கப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்குத் தாவிவிடுவர். அந்த அழுகைக்கு எசேக்கியாவுக்கு இருந்த உரிமையை நம் வீடுகளிலுள்ள பெரியவர்கள் பெறுவதில்லை. சுவர்ப்புறம் திரும்பினாலும் 'வயிற்றுப்புண்ணுக்கு ஏன் அழுகிறீர்கள்' என்று அதட்டப்படுகின்றனர். எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் முன்னிலையில் சொல்வது என்பன மெய்யான கேள்விகள். 'உங்களுக்கு எவ்வளவு தெரியவேண்டும் என்று விரும்புகிறீர்கள், ஐயா?' என்று பெரியவரையே கேட்டுத் தொடங்கலாம். எல்லாம் மகனிடமே சொல்லுங்கள் என்று அவர் கூறுவாராயின், அதுவும் அவர் செய்த முடிவே. அப்போது மகனின் கையொப்பம் தந்தையினின்று பெற்ற கையொப்பமாகிறது.

2018-ல் உச்ச நீதிமன்றம், தேறும் நம்பிக்கையற்ற நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை நீட்டவேண்டாம் என்று ஒருவர் முன்னரே எழுதிவைக்கும் ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. 2023-ல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. மாஜிஸ்திரேட்டிடம் செல்லவேண்டியதில்லை, இரு சாட்சிகளுடன் நோட்டரியோ அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும். தாம் பேச இயலாதபோது தம்பொருட்டுப் பேசவேண்டியவர்களை அதில் பெயரிடலாம். சுமப்பவர்களை நோயாளி தாமே தெரிந்தெடுக்கும் ஏற்பாடு இது. இதனைப் பற்றி நம் சபைகளில் முதியோர் கூட்டங்களிலோ பெண்கள் ஐக்கியத்திலோ பேசப்படுவதை நான் கேட்டதில்லை.

பழைய பொது ஜெபப் புத்தகத்தில் நோயாளரைச் சந்திக்கும் முறைமை ஒன்று உண்டு. இன்று அதனைப் பயன்படுத்துவோர் அரிது. கடுமையான மொழி, நோயைத் தண்டனையாகக் காணும் இடங்களை நாம் இன்று ஏற்கவியலாது. ஆனால் அம்முறைமையில் குருவானவர் நடைபாதையில் நின்று உறவினரிடம் பேசுவதில்லை. படுத்திருப்பவரிடம் பேசுகிறார், வினவுகிறார், விடைக்காகக் காத்திருக்கிறார். சொத்துக்களை இன்னும் ஒழுங்குபடுத்தவில்லையாயின் உயில் எழுதவும், தாம் கொடுக்கவேண்டிய கடனையும் தமக்கு வரவேண்டியதையும் அறிவிக்கவும் அவரைத் தூண்டும்படி அச்சடங்கின் குறிப்பு குருவானவருக்குக் கட்டளையிடுகிறது. தான் இறக்கக்கூடும் என்று நோயாளிக்குத் தெரியும் என்ற அடிப்படையிலேயே அச்சடங்கு முழுதும் நடக்கிறது. இப்போது நம் கைகளிலுள்ள சுகமளிக்கும் ஆராதனை ஒழுங்குகளில் நோயாளிக்கென அமைந்த மறுமொழி பெரும்பாலும் 'ஆமென்' ஒன்றே. அடுத்த முறை நம் வழிபாட்டுக் குழுவினர் அவ்வொழுங்கைத் திருத்த அமரும்போது, செபத்திற்கு முன்பாக ஒரு வினாவையும், விடை வரும்வரை ஆயர் மௌனமாயிருக்கவேண்டும் என்னும் குறிப்பையும் சேர்ப்பார்களா?